பாண்டல் பிடிக்காத எண்ணெய்: வாசனைக் கலவைகளின் வரலாற்றில் சில பக்கங்கள்

அண்மைக் காலமாக நமது கடைகளிலே ஒரு புதுவகைப் போத்தல் அதிகமாகக் காணப்படுகின்றது. மூலிகை எண்ணெய்க் கலவை. முழங்கால் வலி தொடக்கம் முடி கொட்டுதல் வரை எல்லாவற்றுக்கும் அது நல்லதாம். ஒருபக்கம் ‘இப்னு ஸீனாவின் இரகசியம்’ என்றும், மறுபக்கம் ‘நூறு வீதம் அன்டிஒக்சிடன்ட்’ என்றும் அச்சிட்டிருக்கின்றார்கள். புறக்கோட்டையில் ஒரு கடைக்காரரிடம், “நானா, இதில் என்னென்ன ஈக்கி?” என்று கேட்டேன். “அது கம்பனிக்காரனுக்குத்தான் தெரியும், எங்களுக்கு வாற மாதிரி விக்கிறோம்” என்றார். அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை. போத்தலில் எழுதியிருந்ததைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. ‘இப்னு ஸீனா’, ‘அன்டிஒக்சிடன்ட்’ என்ற அந்த இரண்டு சொற்களையும் வரலாற்றில் வைத்துப் பார்த்தால் என்ன மிஞ்சும் என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் இப்னு ஸீனா. வாசனைத் திரவியங்களைக் காய்ச்சி வடிக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் அவரே என்பது நம்மவர் மேடைகளிலும் மலர்களிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒன்று. அன்னார் பிறந்தது கி.பி. 980இல். அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, ஏறத்தாழ 873இல் காலமான அல்-கிந்தியின் பெயரால் ‘கிதாபு கீமியாஇல் இத்ர் வத்தஸ்ஈதாத்’ என்ற நூல் வழங்கி வந்துள்ளது. ‘வாசனைகளின் இரசாயனமும் வடித்தெடுத்தலும்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் கொண்ட அந்நூலைக் கார்ல் கார்பர்ஸ் என்ற ஜேர்மன் அறிஞர் 1948இல் லைப்சிக் நகரில் மொழிபெயர்த்துப் பதிப்பித்தார். பன்னீர் வடிப்பது அக்காலத்தில் பெருந்தொழில். கலீபா மஃமூனின் காலத்து வரிப்பட்டியல் ஒன்றை இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் எடுத்துத் தருகின்றார். அதில் பாரிஸ் மாகாணம் பணத்தோடு சேர்த்து 30,000 போத்தல் பன்னீரும் பக்தாதுக்கு அனுப்ப வேண்டுமென்று இருக்கின்றது. இப்னு ஸீனா பிறப்பதற்கு நூற்றைம்பது வருடங்களுக்கு முந்திய சங்கதி இது.

இன்னும் பின்னால் போனால், ‘அல்-அன்பீக்’ என்ற வடிகலத்தின் பெயரே கிரேக்கரின் ‘அம்பிக்ஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். அலெக்சாந்திரியாவிலிருந்து அரபிகளுக்கு வந்து, அரபிகளிடமிருந்து ஐரோப்பாவுக்கு ‘அலெம்பிக்’ என்று போனது. வாங்கினோம், திருத்தினோம், கொடுத்தோம். இதைச் சொல்வதால் இப்னு ஸீனாவின் பெருமையில் ஒரு தூசும் குறையாது. அவருடைய ‘கானூன்’ அவருக்குப் போதும். செய்யாத ஒன்றை அவர் தலையில் கட்டினால், செய்த அல்-கிந்தியும், பெயர் தெரியாத பாரசீகத்துப் பன்னீர்த் தொழிலாளிகளும் அல்லவா மறைந்து போகின்றார்கள்.

பன்னீர் வேறு, அத்தர் வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ரோஜாவை வடிக்கும்போது நீரின் மேலே மெல்லிய படலமாக மிதக்கும் எண்ணெயைத் தனியே எடுத்தாலே அது அத்தர். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தமது நாட்குறிப்பில், நூர்ஜஹானின் தாயார் பன்னீர் எடுக்கையில் சூடான பன்னீரின் மேல் படிந்த எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார் என்றும், அதற்கு ‘இத்ரே ஜஹாங்கீரி’ என்று பெயர் சூட்டப்பட்டது என்றும் எழுதியிருக்கின்றார். அது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம். அதற்கு முன் எவரும் அதைக் காணவில்லை என்று நான் வாதாட மாட்டேன். அரசர்களின் வீட்டில் நடந்தால்தானே எழுதி வைப்பார்கள்!

இனிக் கலவைக்கு வருவோம். அப்பாஸியர் காலத்து வாசனைகளில் தலையாயது ‘காலியா’. அச்சொல்லுக்கு ‘விலையுயர்ந்தது’ என்பதே பொருள். கஸ்தூரியையும் அம்பரையும் அரைத்து ஓர் எண்ணெயிலே குழைத்துச் செய்வார்கள். நல்லெண்ணெய் இருந்தது, ஒலிவெண்ணெய் தாராளமாக இருந்தது, வாதுமை எண்ணெயும் கிடைத்தது. ஆயினும் காலியாவுக்கு அவர்கள் தேடிப் போனது ‘துஹ்னுல் பான்’ என்ற எண்ணெயை. பான் மரம் நமது முருங்கையின் மிக நெருங்கிய இனம். அரேபியப் பாறை நிலங்களில் வளர்வது. அதன் விதையிலிருந்து பிழிந்த எண்ணெய்க்குச் சொந்த மணம் கிட்டத்தட்ட இல்லை. எளிதில் பாண்டலடையவும் மாட்டாது. கஸ்தூரிக்குக் காசு கொட்டிக் கொடுத்தவன், மூன்று மாதத்தில் காறல் மணம் வீசும் எண்ணெயில் அதைக் கரைப்பானா?

பான் எண்ணெய் கெடாமல் இருப்பதற்கான காரணம் இன்று தெரியும். எண்ணெய் கெடுவது பெரும்பாலும் ஒட்சியேற்றத்தால். கொழுப்பமிலச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் கூடக்கூட ஒட்சிசன் பிடித்துக்கொள்ளும் இடங்களும் கூடும். பான் எண்ணெயிலே பெரும்பகுதி ஒரேயொரு இரட்டைப் பிணைப்புள்ள ஒலேயிக் அமிலம். பல பிணைப்புள்ளவை மிகக் குறைவு. இரசாயன நூல்களில் வரும் ‘பெஹெனிக் அமிலம்’ என்ற பெயரும் இந்தப் ‘பான்’ என்ற பெயர் வழியாக வந்ததுதான். பக்தாதின் அத்தர் வியாபாரிக்கு இரட்டைப் பிணைப்பு தெரியாது. ஆனால் எந்தப் போத்தல் வாடிக்கையாளனைத் திருப்பி அனுப்பும், எது மறுபடியும் கூட்டிவரும் என்பது தெரியும்.

அல்-கிந்திக்கு இன்னொரு முகமுண்டு. பல மருந்துகளைச் சேர்த்தால் சேர்மானத்தின் வலிமை என்னவாகும் என்ற கேள்வியை எடுத்து, அதைக் கணக்காகவே போட முயன்றவர் அவர். மருந்தின் சூடு முதலாம் படி, இரண்டாம் படி என்று படிப்படியாக ஏற, சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் இடையிலான விகிதம் 2, 4, 8, 16 என்று இரட்டித்துச் செல்ல வேண்டும் என்றார். லத்தீன் உலகில் ‘தெ கிராதிபுஸ்’ என்ற பெயரில் அந்நூல் பல நூற்றாண்டுகள் புழங்கியது. பின்னர் அந்தலூஸிலிருந்து இப்னு ருஷ்து இதைக் கடுமையாகக் கண்டித்தார். வைத்தியத்தைக் கணக்குப் பாடமாக்கி விட்டாரே என்பது அவருடைய குறை. யார் சரி, யார் பிழை என்பது எனக்கு இரண்டாம் பட்சம். கலவை என்பது உறுப்புகளின் வெறுங்கூட்டுத்தொகையா, அல்லது வேறொன்றா என்ற கேள்வி அன்றே கேட்கப்பட்டு விட்டது. இன்றைய ஆய்வுகூடங்களிலும் அதே கேள்விதான்.

நமது நாட்டுக்கு வருகையில் முதலில் கண்ணில் படுவது கறுவா. 1344இல் புத்தளத்தில் இறங்கிய இப்னு பதூதா, ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையோரமெங்கும் குவிந்து கிடந்ததாகவும், மஃபரிலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்தவர்கள் விலை கொடாமல் அவற்றை ஏற்றிச் சென்றதாகவும், அதற்குப் பதிலாக அரசனுக்குத் துணிமணிகளை அன்பளித்ததாகவும் எழுதுகின்றார். அந்த ஒரு மரத்துக்குள்ளே மூன்று எண்ணெய்கள் இருக்கின்றன. பட்டையை வடித்தால் சின்னமல்டிகைட்டு மிகுந்த இனிய எண்ணெய். இலையை வடித்தால் கராம்பு மணம் வீசும் எண்ணெய். அதில் முக்கால் பங்களவுக்கு யூஜினோல். வேர்ப்பட்டையை வடித்தாலோ கற்பூரம். உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் நமது பிள்ளைகள் கொதிநீராவிக் காய்ச்சி வடிப்புக்கு உதாரணமாகக் கறுவா எண்ணெயை மனப்பாடம் செய்கின்றார்கள். அதற்குப் பின்னால் இத்தனை நூற்றாண்டுக் கதை இருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. ஒல்லாந்தர் கறுவாவைத் தமது தனியுரிமையாக்கி, கட்டுக் கட்டும்போது மிஞ்சிய துண்டு துணுக்குகளையும் விடாமல் எண்ணெயாக வடித்தார்கள். அந்தத் தனியுரிமை 1833இல்தான் ஆங்கிலேயர் கையில் முடிவுக்கு வந்தது.

கப்பலேற்றிய எண்ணெயின் கணக்கு ஏடுகளில் இருக்கின்றது. உள்ளூரில் அதை வைத்தியத்துக்குக் கலந்தவர்களின் கணக்கு அப்படியில்லை. கண்டி மன்னர்களின் அரண்மனையில் கோபால முதலியார் பரம்பரையைச் சேர்ந்த முஸ்லிம் வைத்தியர்கள் பணியாற்றியமை அறியப்பட்டதே. லோனா தேவராஜா அதை விரிவாக எழுதியுள்ளார். கரையோரத்தைப் பொறுத்தவரை, சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் 1827இல் ரோயல் ஏசியாட்டிக் சங்கத்துக்கு எழுதிய கடிதம் முக்கியமானது. 1806இல் தமது ஆலோசனையின் பேரில் மீரா லெப்பை மேஸ்திரியார் என்ற முஸ்லிம் வைத்தியர் சுதேச வைத்தியப் பகுதியின் மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டதாக அதில் குறிப்பிடுகின்றார். அவரிடமிருந்த வைத்திய நூல்கள் எழுநூறு, எண்ணூறு வருடங்களாக அக்குடும்பத்தில் இருந்தவை என்பதும் ஜோன்ஸ்டனின் கூற்று. இந்தக் கடைசிச் செய்தியை நான் அப்படியே ஏற்க மாட்டேன். நமது வெக்கையிலும் கறையானிலும் ஓலையும் கடதாசியும் அத்தனை காலம் நின்று பிடிக்காது. பிரதிக்குமேல் பிரதியாக எழுதப்பட்டு வந்தவை என்று கொள்வதே பொருந்தும். எப்படியிருப்பினும் ஒரு குடும்பம் தன் மருந்துக் குறிப்புகளைத் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்து வந்தது என்பது சிறிய விடயமல்ல. அந்நூல்கள் இப்போது எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. 1929இல் சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கியபோது ஆயுர்வேதம், சித்தத்துடன் யூனானிக்கும் அங்கே இடம் கிடைத்தது. பாடத்திட்டம் நிலைத்தது. வீடுகளில் இருந்த கொப்பிகள் மட்டும் அந்த வாசலுக்குள் நுழையவே இல்லை.

எனது பிறந்தகம் வெலிகமைப் பக்கம். எங்கள் உம்மும்மா வருடத்துக்கு இரண்டு தரம் எண்ணெய் காய்ச்சுவா. நல்லெண்ணெய், ஆமணக்கெண்ணெய், தேங்காயெண்ணெய் மூன்றும் அடி எண்ணெய். அதற்குள்ளே கறுவா இலை, கருஞ்சீரகம், சாதிக்காய், வசுவாசி (அரபியில் ‘பஸ்பாஸா’, எங்கள் வாயில் ‘வசுவாசி’), கடைசியாகக் கராம்பு. பிள்ளை பெற்ற வீடுகளுக்கும் மூட்டு வலிக்காரருக்கும் போகும் எண்ணெய் அது. கராம்பு எதற்கென்று கேட்டால், “வலிக்கும்தான் மகன். அது போடாட்டி எண்ண சுணங்காமப் பாண்டலாகிடும்” என்பா. வலி இரண்டாவது, எண்ணெயின் ஆயுள் முதலாவது என்ற மாதிரி.

அவ சொன்னது சரியா? பிரெஞ்சு இரசாயனவியலாளர் சார்ள் மூரோவும் சார்ள் துய்பிரேசும் 1922இல், சில பொருட்கள் மிகச் சிறு அளவிலேயே ஒட்சியேற்றத்தைத் தடுத்து விடுகின்றன என்று காட்டினார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் எளிதில் கெட்டுவிடும் ஓர் இரசாயனப் பொருளைப் பாதுகாக்கப் போய்க் கிட்டிய அறிவு அது. அவர்கள் ஆராய்ந்தவற்றில் பீனோல் வகைகளே முதன்மை. யூஜினோல் ஒரு பீனோல். எண்ணெயில் ஒட்சியேற்றம் நெருப்புப் பற்றுவதுபோல ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குத் தாவும். பீனோல் தன்னிடமுள்ள ஐதரசன் ஒன்றை விட்டுக்கொடுத்து அந்தத் தாவலை நிறுத்தும். ஆகவே கராம்பும் கறுவா இலையும் எண்ணெயின் ஆயுளைக் கூட்டும் என்பதில் நியாயமுண்டு. நல்லெண்ணெய்க்குள்ளும் தனக்கே உரிய காப்புப் பொருட்கள் உண்டு. தேங்காயெண்ணெய் ஈரத்தால் கெடுவது வேறு கதை. அதற்குக் கராம்பு பதிலல்ல, நன்றாக வற்றக் காய்ச்சுவதே பதில். அதையும் உம்மும்மா செய்தா, எண்ணெய் சடசடவென்று வெடிப்பது நிற்கும் வரை அடுப்பை விட்டு எழும்ப மாட்டா.

இவ்வளவு தூரம் நமது போத்தல்காரருக்கும் எனக்கும் சண்டையில்லை. சண்டை இதற்குப் பிறகு. எண்ணெயைக் காக்கும் பொருள் எண்ணெய் பூசியவரையும் அதேபோலக் காக்கும் என்று தாவுவதில்தான் வினை. 1958இல் மார்ஸ்டன் புளொய்ஸ் என்பவர் ஊதா நிறக் கரைசல் ஒன்றைக் கொண்டு ஒட்சியேற்ற எதிரிகளை அளக்கும் முறையை வெளியிட்டார். டீ.பீ.பீ.எச். என்ற அப்பொருளின் ஊதா நிறம் மஞ்சளாக மாறினால் மாதிரியில் சக்தி உண்டு. எளிது, மலிவு, ஒரு பின்னேரத்துக்குள் முடிந்துவிடும். அதனால் உலகெங்கும் மூலிகை ஆய்வுக் கட்டுரைகள் இந்த ஊதாக் கரைசலில்தான் குளிக்கின்றன. ஆனால் அது சோதனைக் குழாய். அதில் தோலுமில்லை, குடலுமில்லை, ஈரலுமில்லை. உணவுகளின் ஒட்சியேற்ற எதிர்ப்பு ஆற்றலை இலக்கங்களாகப் பட்டியலிட்டு இணையத்தில் வைத்திருந்த அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2012இல் அதை அகற்றிக்கொண்டது. விளம்பரக்காரர் அந்த இலக்கங்களைத் தவறாகப் பயன்படுத்தியது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

கலவை விடயத்திலும் எச்சரிக்கை தேவை. இரண்டு எண்ணெய்களைச் சேர்க்கும்போது சில வேளைகளில் ஒன்றையொன்று தூக்கிவிடும், சில வேளைகளில் வெறுமனே கூடும், சில வேளைகளில் ஒன்றின் காலை ஒன்று வாரிவிடும். எந்த விகிதம் என்பதே விடயம். விகிதத்தைச் சொல்லாமல் ‘ஏழு மூலிகைச் சேர்க்கை’ என்பதில் பொருளில்லை. சாற்றெண்ணெய்கள் எல்லாமே ஒட்சியேற்ற எதிரிகள் என்பதும் பிழை. எலுமிச்சை, தோடை எண்ணெய்களில் மிகுந்துள்ள லிமொனீன் காற்றுப் பட்டால் தானே ஒட்சியேறும். அப்படி ஒட்சியேறிய எண்ணெய் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது. திறந்து வைத்துப் பழசான போத்தலைக் குழந்தைக்குப் பூசுகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். கறுவாப் பட்டை எண்ணெயையும் கராம்பெண்ணெயையும் கலக்காமல் தனியாகத் தோலில் பூசுவதும் அப்படித்தான். எரிந்து புண்ணாகும்.

மோசடி என்பதும் கலவையின் வரலாற்றிலே பழைய பங்காளிதான். அல்-கிந்தியின் பெயரால் வழங்கும் அதே நூலில் விலைகூடிய சரக்குகளைப் போலிசெய்யும் முறைகளும் இருக்கின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரி எழுதிய ஹிஸ்பா நூலில், சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் வாசனை வியாபாரிகளிடமும் மருந்துக் கடைக்காரரிடமும் எதை எப்படிச் சோதிக்க வேண்டுமென்று தனி அத்தியாயங்களே உண்டு. நமது தெற்கிலும் இது நடந்தது. மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கத்துப் பெங்கிரிப் புல்லிலிருந்து வடித்த சிற்றனெல்லா எண்ணெய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகச் சந்தைக்கே போனது. அதற்குள் மண்ணெண்ணெய் கலக்கப்பட்டது. கலப்படத்தைப் பிடிக்க லைப்சிக்கிலிருந்த ஷிம்மல் நிறுவனம் மதுசாரத்தில் கரைத்துப் பார்க்கும் ஒரு சோதனையை வகுத்தது. அது ‘ஷிம்மல் சோதனை’ என்றே வர்த்தகத்தில் பெயர் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாவா எண்ணெய் நம்மை முந்திக்கொண்டு போனது. ஜாவாப் புல்லின் தரம் உயர்ந்தது என்பது உண்மை. நமது எண்ணெய்க்குப் பெயர் கெட்டிருந்தது என்பதும் உண்மை.

எனவே எனக்கு அந்த ‘இரகசியம்’ என்ற சொல்லே பிடிக்கவில்லை. அல்-கிந்தி இரகசியம் வைத்திருக்கவில்லை. எவ்வளவு, எத்தனை நாழிகை, எந்த நெருப்பு என்று எழுதி வைத்தார். மீரா லெப்பை மேஸ்திரியாரின் குடும்பம் எழுதி வைத்தது. உம்மும்மாவின் வாப்பாவும் எழுதி வைத்திருக்கின்றார். அறபுத் தமிழில், ஒரு கணக்குக் கொப்பியின் பின்பக்கங்களில். மேல்விளிம்பைப் பூச்சி அரித்துவிட்டது. வாசிக்கக்கூடிய நிலையில் மூன்று எண்ணெய்களின் முறை இருக்கின்றது. நிறைகளில் பாதி கழஞ்சு, பாதி மிஸ்கால். மிஸ்காலை ஒரு தங்க தீனாரின் எடையாகக் கொண்டால் சுமார் 4.25 கிராம் வரும். ஆனால் மருந்துக் கடைக்காரரின் மிஸ்கால் ஊருக்கு ஊர் சற்று மாறும். தென்னிலங்கை முஸ்லிம் வைத்தியர்கள் எந்த மிஸ்காலைப் புழங்கினார்கள் என்பதை, இப்படியான வேறு நாலைந்து கொப்பிகளை ஒப்பிட்டால்தான் நிறுவ முடியும். நிறை நிச்சயமானால், பல்கலைக்கழகமொன்றில் அதே விகிதத்தில் காய்ச்சி, கராம்போடு ஒன்று, கராம்பில்லாமல் ஒன்று என்று ஆறு மாதம் வைத்து, பாண்டலை அளந்து பார்க்கலாம். பெரிய செலவில்லாத வேலை. வீட்டுப் பெட்டகங்களில் அப்படியான கொப்பி வைத்திருக்கும் வாசகர்கள் கடதாசியைத் தர வேண்டியதில்லை, படம் பிடித்து இச்சஞ்சிகைக்கு அனுப்பினாலே போதும்.

கொப்பியின் இரண்டாவது முறையில், எல்லாச் சரக்கும் போட்டு முடிந்த பிறகு ஒரு வரி வருகின்றது. எண்ணெயை இறக்கி, விரல் வைத்தால் சுடாத பக்குவத்துக்கு ஆறிய பின்னரே கராம்புத் தைலத்தை ஊற்ற வேண்டும், வாயை மெழுகால் அடைக்க வேண்டும் என்று. கொதிக்கும் எண்ணெயில் ஊற்றினால் யூஜினோல் ஆவியாகிப் போய்விடும். எழுதியவர் ஆவியாகும் என்று எழுதவில்லை, ‘ரூஹ் போய்விடும்’ என்று எழுதியிருக்கின்றார்.